லோடு இழுக்கிற ஹெவி டியூட்டி பிக்கப்புக்கு டயர்: 35 இன்ச் போடலாமா, கம்பெனி சைஸே போதுமா?

#1 மண்வாரி
வணக்கம் எல்லாருக்கும். என்கிட்ட இருக்கிறது 2500 கிளாஸ் டீசல் பிக்கப், ஒத்தைச் சக்கரம் தான், பின்னாடி டபுள் கிடையாது. மினி எக்ஸ்கவேட்டரை ட்ரெயிலர்ல ஏத்தி வாரத்துக்கு நாலஞ்சு நாள் இழுக்கிறேன், ட்ரெயிலரோட சேர்த்து சுமார் நாலரை டன் வரும். வண்டியோட வந்த டயர் எல்டி275/70ஆர்18 (எல்டின்னா லைட் டிரக் டயர்), லோடு ரேஞ்ச் ஈ, அது இப்போ தேஞ்சு பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர்க் கட்டை) எல்லாம் போயிடுச்சு, பின்னாடி ரெண்டும் நடுவுல மொட்டையே ஆயிடுச்சு. புதுசா மாத்தும்போது 20 இன்ச் ரிம்மோட 35x12.50ஆர்20 போடலாம்னு ஆசை, பார்க்க கம்பீரமா இருக்கும், அகலமும் ஜாஸ்தி, அதனால லோடும் ஜாஸ்தி தாங்கும்னு நினைக்கிறேன், அதுவும் லோடு ரேஞ்ச் ஈ தான், 10 பிளை. ரொம்ப நாள் உழைக்கணும், அதுதான் முக்கியம். எந்த பட்டன் நல்லது, ஹைவேயா ஆல் டெரெய்னா மட் டெரெய்னா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

#2 டீசல்காரன்
35 போடுங்க நண்பா, நான் போட்டு மூணு வருஷம் ஆச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. 10 பிளைன்னா 10 பிளை தான்.

#3 டயர்மேசை
மண்வாரி தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுக்கே சந்தோஷம். நான் டயர் கழட்டி மாட்டுற வேலையில பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தவன், லோடு இழுக்கிற வண்டிதான் அதிகம் பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல அந்த 10 பிளை விஷயம். உள்ள பத்து அடுக்கு இருக்குன்னு அர்த்தம் இல்ல, அது பழைய காட்டன் நூல் காலத்துல இருந்து வர்ற அளவு, இப்போ ஈ டயர்ல பக்கச் சுவர்ல ரெண்டு அடுக்கோ மூணு அடுக்கோ தான் இருக்கும். லோடு ரேஞ்ச் எழுத்துங்கிறது அந்த டயர் எவ்வளவு காத்து வரைக்கும் வேலை செய்யும்னு சொல்ற ஒரு வகுப்பு, அவ்வளவுதான். சாதாரணமா சி 50 பிஎஸ்ஐ, டி 65, ஈ 80. ஆனா ஒரே ஈ எழுத்து இருக்கிற ரெண்டு டயர் ஒரே எடையைத் தாங்கும்னு கிடையாது. தாங்குற எடை தெரியணும்னா லோடு இண்டெக்ஸ் நம்பரைப் பாருங்க.

உங்க பழைய டயர் பக்கவாட்டுல 125/122ன்னு இருக்கும், போய்ப் பாருங்க. 125ன்னா ஒரு டயர் 1,650 கிலோ, 80 பிஎஸ்ஐ காத்துல. சாய்கோட்டுக்கு அப்புறம் இருக்கிற 122 டபுள் சக்கரம் போட்டா உள்ள கணக்கு, உங்களுக்கு வேண்டாம். இப்போ நீங்க கேக்குற 35x12.50ஆர்20 ஈ டயரை எடுத்துக்குங்க, அதுல பெரும்பாலும் 121ன்னு தான் இருக்கும், அதாவது 1,450 கிலோ, அதுவும் 65 பிஎஸ்ஐ தான் அதிகபட்சம். ஈன்னா 80ன்னு மேல சொன்னேன்ல, இந்த மாதிரி அகல சைஸ்ல அது 65லயே நின்னுடும். டயர் உயரமாச்சு, அகலமாச்சு, எடை மட்டும் ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ குறைஞ்சு போச்சு. பின் அச்சுக்கு ரெண்டு டயர், 400 கிலோ போச்சு. லோடு தாங்குறது உள்ள அடைச்சு வச்சிருக்கிற காத்து தான் தம்பி, ரப்பர் இல்ல. அதே சைஸ்ல எஃப் ரேஞ்ச் வருது, அது 125, 80 பிஎஸ்ஐ, அதைப் போட்டா கம்பெனி டயர் அளவுக்கு திரும்ப வந்து நிக்கலாம், அதுக்கு மேல இல்ல.

ரிம்முக்கும் தனியா எடை அளவு உண்டு, உள்பக்கம் அச்சடிச்சிருக்கும், வெளியில வாங்குற அலங்கார ரிம் பலதுல அது கம்பெனி ரிம்மை விடக் குறைவு. அதையும் பாருங்க.

#4 குதிரைவண்டி
டயர்மேசை அண்ணா சொல்றதை அப்படியே வழிமொழியுறேன். நான் குதிரை ட்ரெயிலர் இழுக்கிறவ. தம்பி, உங்க பின் அச்சு எடை எவ்வளவுன்னு தெரியுமா? ட்ரெயிலர் நாலரை டன்னுன்னு சொன்னீங்க, டயருக்கு அது நேரடியா சம்பந்தமே இல்ல, டயருக்கு வேண்டியது ஹிட்ச்சுல, அதாவது ட்ரெயிலரை மாட்டுற கொக்கியில, இறங்குற எடை. பந்து ஹிட்ச்சுன்னா ட்ரெயிலர் எடையில 10ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச்சுல இறங்கணும், அதாவது உங்களுக்கு 450ல இருந்து 675 கிலோ. அந்த ஹிட்ச் பின் அச்சுக்குப் பின்னாடி ஒரு மீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குல்ல, சீசா பலகை மாதிரி வேலை செய்யும், 600 கிலோ இறங்கினா பின் அச்சுல 600 இல்ல, 750 800ன்னு ஏறும், அந்த அதிகப்படி முன் அச்சுல இருந்து தூக்கி எடுத்தது. இதை நிறைய பேர் கணக்குல சேக்குறதே இல்ல.

லோடு எல்லாம் மாட்டி, டேங்க் ஃபுல் பண்ணி, ஆளும் உக்காந்து எடை மேடையில ஏத்திப் பாருங்க. முன் அச்சு தனி, பின் அச்சு தனி. முடிஞ்சா இடது சக்கரம் மட்டும் மேடையில, வலது வெளியிலன்னு நிறுத்தி ஒரு தடவை, வலதுக்கு ஒரு தடவை. நம்பர் கையில இல்லாம டயர் பேசுறதுல பிரயோஜனம் இல்ல.

#5 ஈரக்களம்
நான் வேற பக்கம் இருந்து பேசுறேன். எடை எல்லாம் சரி, ஆனா மண்வாரி நண்பர் எக்ஸ்கவேட்டர் கொண்டு போறவர், சைட்டுக்குள்ள சேத்துல இறங்கித்தான் ஆகணும். ஹைவே பட்டன் போட்ட வண்டி ஈரப் புல்லுலயே சுத்தும், பின்னாடி நாலு டன் இழுத்துக்கிட்டு சரிவுல ஏறணும்னா கேக்கவே வேண்டாம். நான் முன்ன ஹைவே டயர்ல இருந்தேன், ரெண்டு தடவை டிராக்டர் வந்துதான் இழுத்துச்சு, அதோட சைட்ல கம்பி, உடைஞ்ச கல்லு, பக்கச் சுவர் கிழிஞ்சு ஒரு டயர் புதுசுலயே போச்சு. மூணு அடுக்கு பக்கச் சுவர் இருக்கிற ஆல் டெரெய்ன் மாத்தினதுக்கு அப்புறம் தான் நிம்மதி. பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி டயர்ல அந்த மூணு அடுக்கு இருக்கு.

#6 டயர்மேசை
ஈரக்களம், உங்க வேலைக்கு நீங்க சொல்றது சரி, மறுக்கல. சேத்துக்கு பட்டன் வேணும். ஆனா பட்டன் ஆழமாக ஆழமாக என்ன ஆகுதுன்னும் சொல்லணும்ல. ஒவ்வொரு கட்டையும் தார் ரோட்டுல தொடும்போது வளையும், விடும்போது நிமிரும், அந்த அசைவு எல்லாம் சூடா மாறும். மட் டெரெய்ன்ல பட்டன் 15 மி.மீ. கிட்ட வரும், கட்டைக்கு கட்டை இடைவெளி வேற, முழு லோடுல வெயில்ல மணிக்கணக்கா ஹைவேல ஓடினா அது கொதிக்கும், சீக்கிரம் ஏறுக்கு மாறா தேயும், ட்ரெயிலர் ஆட்டம் வேற ஸ்டீயரிங்ல தெரியும். டயரைக் கொல்றது சூடு தான், நான் பிரிச்சுப் பார்த்த வெடிச்ச டயர்ல முக்காவாசி ஆணி குத்தினது இல்ல, காத்து கம்மியா ஓடினதோ லோடு மீறினதோ தான், பட்டனுக்கு உள்ள இருக்கிற கம்பி பெல்ட் ஓரத்துல ரப்பர் வெந்து பிரிஞ்சிருக்கும்.

அதனால என் கணக்கு இப்படி. மாசத்துல பெரும்பாலும் தார் ரோடு, லோடோட தூர ஓட்டம்னா ஹைவே ரிப் டயர், மிச்சலின் டிஃபென்டர் எல்டிஎக்ஸ், ஃபயர்ஸ்டோன் டிரான்ஸ்ஃபோர்ஸ் ஹெச்டி மாதிரி, நடுவுல உடையாத ரிப், அதாவது சுத்தி வர ஒரே பட்டையா ஓடுற ரப்பர், இருக்கும், சூடு கம்மி, தேய்மானம் நிதானம். சைட்டும் ரோடும் கலந்ததுன்னா கட்டை நெருக்கமா இருக்கிற மிதமான ஆல் டெரெய்ன். மட் டெரெய்ன் லோடு இழுக்கிற வண்டிக்கு நான் சொல்லவே மாட்டேன்.

#7 டீசல்காரன்
என் வண்டி விஷயம் சொன்னேன்ல, மூணு வருஷம் ஒண்ணும் ஆகலயே? 121 தான் போட்டிருக்கேன்.

#8 டயர்மேசை
நீங்க என்ன இழுக்கிறீங்க நண்பா? படகு, மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு முன்ன ஒரு இழையில எழுதியிருந்தீங்க. படகு ட்ரெயிலரோட ரெண்டு டன் வருமா? அதுல ஹிட்ச்சுல இறங்குறது 200, 250 கிலோ. உங்க பின் டயர் அதோட எல்லைக்குப் பக்கத்துலயே போயிருக்காது, அதான் தாங்குது. உங்களுக்கு அது தப்பான டயர்னு சொல்லல, அவருக்கு அது தப்பான டயர்.

இன்னொண்ணு, 35 போட்டா கியர் கணக்கும் மாறும். உங்க இப்போதைய டயர் உயரம் 33 இன்ச் சொச்சம். பேப்பர்ல 35 ஆனா கிட்டத்தட்ட 6 சதவீதம் உயரம், 3.73 கியர் விகிதம் உள்ள அச்சு 3.5 சொச்சம் மாதிரி நடந்துக்கும், இழுவை மந்தமாகும், கியர்பாக்ஸ் சூடாகும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்துல 106ல போவீங்க, சரி பண்ணாத வரைக்கும்.

#9 மண்வாரி
இவ்வளவு விஷயம் இருக்கும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு எடை மேடைக்குப் போறேன். ஒரு சந்தேகம், கூட வேலை செய்யுறவர் சொல்றார் எஸ்யூவிக்கு வர்ற எக்ஸ்எல் (கூடுதல் லோடு தாங்குற கார் டயர்) டயரே லோடு இண்டெக்ஸ் 116, 120ன்னு வருது, சொகுசா இருக்கும், அதைப் போடுன்னு. அப்புறம் ட்ரெட்வேர் நம்பர், அதாவது தேய்மான அளவு, 600ன்னு எல்லாம் அதுல போட்டிருக்கு, எல்டி டயர்ல அந்த நம்பரே இல்லையே ஏன்?

#10 டயர்மேசை
எக்ஸ்எல் வேண்டாம் தம்பி. கார் டயரை பிக்கப்புல போடும்போது அதுல எழுதியிருக்கிற எடையை 1.1 ஆல வகுக்கணும்ங்கிறது விதி, ஏன்னா பிக்கப்புல அடி உதை அதிகம். 120ன்னா 1,400 கிலோ, வகுத்தா 1,270 சொச்சம். அதோட பக்கச் சுவர் மெலிசு, ட்ரெயிலர் தள்ளும்போது வண்டி பின்பக்கம் நெளியும், அந்த நெளிவு தான் ஆட்டத்துக்கு ஆரம்பம். ட்ரெட்வேர் நம்பர் அமெரிக்க விதிப்படி கார் டயருக்கு மட்டும் தான் கட்டாயம், எல்டிக்கு இல்ல, அதனால தான் காணோம். எல்டில கம்பெனி குடுக்கிற கிலோமீட்டர் வாரண்டியை ஒப்பிடுங்க, அதுவும் ஒரே வகை டயருக்குள்ள.

ட்ரெயிலருக்குன்னு வர்ற எஸ்டி டயரை வண்டியில போடக்கூடாது, இதையும் சொல்லி வச்சிடுறேன், யாரோ ஒருத்தர் கேப்பாங்க.

#11 மண்வாரி
போயிட்டு வந்தேன். நம்பரைப் பார்த்ததுல இருந்து மனசு சரியில்ல.

வெறும் வண்டி: முன் அச்சு 2,060, பின் அச்சு 1,420.
லோடோட: முன் 1,880, பின் 2,780. குதிரைவண்டி அக்கா சொன்ன மாதிரி தனித்தனியா எடுத்தேன், பின் இடது 1,460, பின் வலது 1,320.

பெட்ல டூல்ஸ் பாக்ஸ், கூடுதல் டீசல் டேங்க், ரெண்டு பக்கெட் எல்லாம் சேர்த்து 540 கிலோ கிட்ட இருந்திருக்கு, நான் 200 தான் இருக்கும்னு நினைச்சிருந்தேன். டேங்க் இடது பக்கம் இருக்கு. 121 போட்டிருந்தா இடது பக்க டயர் முதல் நாளே லிமிட் தாண்டியிருக்கும், 65 பிஎஸ்ஐ ஃபுல்லா இருந்தாலுமே. நான் வாங்கியே இருப்பேன் அண்ணா, அட்வான்ஸ் குடுக்கப் போற நாள் தான் இங்க எழுதினேன்.

#12 குதிரைவண்டி
நல்ல வேளை தம்பி. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, 1,880ம் 2,780ம் கூட்டுங்க, 4,660. உங்க கதவு ஸ்டிக்கர்ல வண்டியோட மொத்த எடை எவ்வளவு போட்டிருக்கு? 2500 கிளாஸ்ல நிறைய வண்டிக்கு 4,536 கிலோன்னு இருக்கும், அதாவது 10,000 பவுண்ட். இருந்தா 120 கிலோ மேல போயிட்டிருக்கீங்க. டயர் எவ்வளவு பெருசு போட்டாலும் அந்த நம்பர் மாறாது, பிரேக், ஸ்ப்ரிங், அச்சு எல்லாம் சேர்த்து குடுத்த நம்பர் அது.

#13 மண்வாரி
ஆமா அக்கா, 4,536 தான். பின் அச்சுக்கு 2,800 சொச்சம் போட்டிருக்கு, அதுக்குள்ள நூலிழையில இருக்கு.

#14 டயர்மேசை
அப்போ டயர் அடுத்த வேலை, முதல் வேலை டீசல் டேங்க்கும் பக்கெட்டும். ரெண்டு பக்கெட்டையும் ட்ரெயிலர்ல அச்சுக்கு நேர் மேல கட்டுங்க, ஹிட்ச்சுக்குப் பக்கத்துல இல்ல, டேங்கை நடுவுக்குத் தள்ளுங்க. ட்ரெயிலர் அச்சும் டயரும் அதைத் தாங்குதான்னும் பார்த்துக்குங்க. அப்புறம் திரும்ப மேடை ஏறுங்க.

காத்து விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா நல்ல டயர் வாங்கி காத்தைக் கோட்டை விட்டவங்க தான் அதிகம். கதவு ஸ்டிக்கர்ல பின்னாடி 80ன்னு இருந்தா லோடு அன்னைக்கு காலையில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல 80. ஓடி சூடானதும் ஏறும், அதை யாரும் இறக்கி விடாதீங்க. டிபிஎம்எஸ் லைட் (காத்து குறைஞ்சா எச்சரிக்கிற லைட்) எரியலயேன்னு நம்பவும் கூடாது. அமெரிக்க விதியில அந்த லைட் 25 சதவீதம் குறைஞ்சா தான் கட்டாயம் எரியணும், 80க்கு 25 சதவீதம் குறைஞ்சா 60. 60ல நாலு டன் இழுத்தா அந்த டயர் எவ்வளவு வேகும்? அந்த விதி கூட 4,536 கிலோ வரைக்கும் உள்ள வண்டிக்கு தான், அதுக்கு மேல உள்ள பெரிய பிக்கப்புக்கு சென்சாரே கட்டாயம் கிடையாது. அந்தச் சட்டம் வந்ததே 2000ல ஃபயர்ஸ்டோன் டயர் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர்ல பட்டன் பிரிஞ்சு வண்டி கவுந்து நிறைய பேர் செத்ததுக்கு அப்புறம் தான், 65 லட்சம் டயரைத் திரும்ப எடுத்தாங்க. அப்போ நடந்த விவாதத்துல காத்து அளவு, சூடு, லோடு மூணும் தான் திரும்பத் திரும்ப வந்துச்சு.

வால்வும் பாருங்க. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும் தான். 80 அடிக்கிற டயருக்கு ஹை பிரஷர் வால்வோ மெட்டல் வால்வோ போடச் சொல்லி நின்னு பாருங்க.

லோடு இல்லாத நாள்ல சும்மா 80லயே ஓட்டினா நடுப்பட்டன் தான் தேயும், உங்க பழைய டயர் நடுவுல மொட்டையானதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். மேனுவல்ல வெறும் வண்டிக்குன்னு தனி அளவு போட்டிருந்தா அதை வையுங்க, இல்லன்னா ஸ்டிக்கர் படி தான்.

#15 ரெட்டைச்சக்கரம்
டபுள் வீல் காரங்க யாராவது படிச்சா அவங்களுக்காக ஒரு வார்த்தை. உள் டயர் காத்தை யாரும் பார்க்கிறது இல்ல, அது இறங்கிப் போனா வெளி டயர் ரெண்டு பேர் சுமையையும் தூக்கும், வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. வால்வு எக்ஸ்டென்ஷன் போட்டு வாராவாரம் கேஜ் வச்சுப் பாருங்க, தட்டிப் பார்க்கிறது போதாது. ஒரே பக்கம் ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு போடாதீங்க, விட்டத்துல 6 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா பெருசு எல்லா சுமையையும் வாங்கிக்கும், சின்னது ரோட்டுல உரசிக்கிட்டே வரும். நான் 19.5 இன்ச் ரிம்முக்கு மாறிட்டேன், 225/70ஆர்19.5 ஜி, 110 பிஎஸ்ஐ, ஒத்தை டயரே 1,800 கிலோ. லாரி டயர் தான் அது, உழைப்பு பிரமாதம், ஆனா வெறும் வண்டியில முதுகு உடையும், சேத்துல பிடிப்பு சுமார். வாரத்துல அஞ்சு நாளும் லோடுங்கிறவங்களுக்கு மட்டும் தான் சொல்வேன்.

#16 குதிரைவண்டி
தேதியையும் விட்டுடாதீங்க. என்கிட்ட ஒரு டயர் பட்டன் அப்படியே இருந்துச்சு, பார்க்கப் புதுசு மாதிரி, குதிரை ரெண்டும் ஏத்திக்கிட்டுப் போகும்போது பின் வலது பட்டன் உரிஞ்சு மட்கார்டையே பிச்சு எடுத்துக்கிட்டுப் போச்சு. ட்ரெயிலர் ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, அந்த ரெண்டு செகண்ட் இன்னும் கண்ணுல நிக்குது. குதிரைங்க பிழைச்சது பெருசு. அப்புறம் நம்பர் பார்த்தா ஒன்பது வருஷ டயர். டயர் பக்கவாட்டுல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற நம்பர்ல கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச தேதி, 2319ன்னா 2019ல 23வது வாரம். அது டயரோட ஒரு பக்கம் மட்டும் தான் முழுசா இருக்கும், பல தடவை உள்பக்கமா மாட்டியிருப்பாங்க, கீழ படுத்துத் தான் பார்க்கணும். கடையில புதுசுன்னு குடுக்கிறதையும் மாட்டுறதுக்கு முன்னாடி பாருங்க, ஸ்டெப்னியையும் பாருங்க. நான் லோடு இழுக்கிற வண்டியில ஆறு வருஷம் ஆனா மாத்திடுவேன், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

#17 ஈரக்களம்
பஞ்சர் பத்தி ஒண்ணு. பட்டன் பகுதியில 6 மி.மீ. வரைக்கும் உள்ள ஓட்டைன்னா டயரைக் கழட்டி உள்பக்கம் பிளக்கும் பேட்சும் சேர்த்து போட்டா சரி. ஓரத்துலயோ பக்கச் சுவர்லயோன்னா தூக்கிப் போட்டுடுங்க. வெளியில இருந்து குத்துற திரி அடுத்த நிறுத்தம் வரைக்கும் தான், அதோட லோடு இழுக்காதீங்க.

#18 மண்வாரி
பக்கெட் ரெண்டையும் ட்ரெயிலர் அச்சு மேல மாத்தினேன், டேங்கை நடுவுல போல்ட் பண்ணிட்டேன். திரும்ப எடை: முன் 1,890, பின் 2,590. இடது 1,310, வலது 1,280. மொத்தம் 4,480, ஸ்டிக்கருக்குள்ள வந்தாச்சு. வண்டி நிக்கிற வாகே மாறிடுச்சு, முன்னாடி ஹெட்லைட் மரத்து உச்சியைக் காட்டும், இப்போ ரோட்டைக் காட்டுது.

டயர் முடிவு பண்ணிட்டேன். கம்பெனி சைஸே, 275/70ஆர்18 ஈ, 125. பட்டன் மட்டும் ஈரக்களம் அண்ணன் பக்கம் சாஞ்சுட்டேன், மாசத்துல பாதி நாள் சைட் சேத்துல இறங்குறேன், அதனால கட்டை நெருக்கமா இருக்கிற மிதமான ஆல் டெரெய்ன், மூணு அடுக்கு பக்கச் சுவர். பனிக்கு ஏத்த டயர்னு காட்டுற பனி மலைச் சின்னம் இருக்கிறதா பார்த்து எடுத்தேன், வெறும் எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து போதாதுன்னு படிச்சேன். டயர்மேசை அண்ணா, தப்பு இருந்தா சொல்லுங்க, இன்னும் மாட்டல.

#19 டயர்மேசை
தப்பே இல்ல. பின் அச்சுக்கு 3,300 தாங்குற டயர், நீங்க வைக்கிறது 2,590, அஞ்சுல ஒரு பங்குக்கு மேல மிச்சம், அந்த மிச்சம் தான் டயரோட ஆயுசு. நான் உங்க இடத்துல இருந்தா ஹைவே பட்டன் தான் போட்டிருப்பேன், ஆனா சேத்துல மாட்டுறது நீங்க, உங்க பேச்சு தான் சரி.

மாட்டினதும் முதல் 800 கி.மீ. முடிஞ்ச வரை பெரிய லோடு வேண்டாம். புதுப் பட்டன் நெளியும், டயரை வார்க்கிற அச்சுல இருந்து எடுக்க தடவின வழவழப்பு மேல இருக்கும், வண்டி கொஞ்சம் மிதக்குற மாதிரி தெரியும், பயப்படாதீங்க. அலைன்மென்ட் இப்போவே பண்ணிடுங்க, பழைய டயர் ஓரம் தேஞ்சிருந்தா கட்டாயம். எட்டாயிரம் கி.மீ.க்கு ஒரு தடவை முன் பின் மாத்துங்க, ஆல் டெரெய்ன்ல அதைத் தள்ளிப் போட்டா குதிரைக் குளம்பு மாதிரி கட்டை ஏறி இறங்கித் தேயும், அப்புறம் சத்தம் போகவே போகாது. 80, 100 கி.மீ. ஓடினதும் நட் எல்லாம் டார்க் ரெஞ்ச் வச்சு திரும்ப டைட்.

#20 மண்வாரி
மாட்டி அஞ்சு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கடையில குடுத்த நாலும் ஆறு மாசத்துக்கு உள்ள தேதி, படுத்துப் பார்த்தேன். ஸ்டெப்னி ஏழு வருஷம் ஆகியிருந்துச்சு, அதையும் அதே சைஸ்ல மாத்திட்டேன். வால்வு ரப்பர் தான் எடுத்து வச்சிருந்தாங்க, சொன்னதும் மெட்டல் போட்டுக் குடுத்தாங்க.

முழு லோடுல மூணு மணி நேரம் ஓட்டம், காலையில பின்னாடி 80, நிறுத்தினப்போ இடது 89, வலது 88. கையை வச்சா சூடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. முன்ன லாரி தாண்டிப் போனா வண்டி பின்னாடி ஒரு ஆட்டம் ஆடும், நான் ட்ரெயிலர் கோளாறுன்னு நினைச்சிட்டு இருந்தேன், இப்போ அது இல்ல.

#21 டயர்மேசை
89, 88, நல்லா இருக்கு, அப்படியே விடுங்க. நட் பார்த்தீங்களா?

#22 மண்வாரி
90 கி.மீ.ல பார்த்தேன் அண்ணா. பின் இடதுல ரெண்டு நட் கால் சுத்து போச்சு, மத்தது எல்லாம் கெட்டி.